கேட் பாஸில் ஒரு வார்த்தை

எட்டு வருடம் என் கழுத்தில் தொங்கிய கேட் பாஸில் என் புகைப்படம் இருந்தது, ரத்த வகை இருந்தது, ஒப்பந்தக்காரரின் முத்திரை இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் "அன்ஸ்கில்டு" என்றும் இருந்தது. நெய்வேலியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர்களை அன்ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, ஸ்கில்டு என்று பிரித்து அட்டையிலேயே போட்டுவிடுவார்கள். தொழில் தெரியாதவர், பாதி தெரிந்தவர், தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும் காவலாளி தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. எனக்குத்தான் தினமும் காலையில் ஒரு தடவை சுருக்கென்று இருக்கும்.

நான் சேர்ந்தது ஹவுஸ்கீப்பிங்கில். டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகம், முப்பது மேஜை, இரண்டு மாடி. கூட்டுவது, துடைப்பது, குப்பைக்கூடையைக் காலி செய்வது என் வேலை. அதில் எனக்கு வெட்கம் கிடையாது. நான் துடைத்த தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கும். பன்னிரண்டாவது முடித்து, கல்யாணத்துக்கு முன்னால் பண்ருட்டியில் ஒரு சென்டரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். முத்தாண்டிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு அந்தப் படிப்பைக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. இந்த வேலை வந்தது, எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க நான் கற்றுக்கொண்டது எங்கள் ஊர்த் தூசியால்தான். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் கோடு போடலாம், அப்படி ஒரு கரித்தூசி. அது கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். மின்விசிறி சுற்றாது, சூடாகும், பட்டென்று அணைந்துவிடும். மெஷினைப் பார்க்க வருகிற ஆள் கடலூரிலிருந்து வரவேண்டும், வரும்போதுதான் வருவார். ஒருநாள் கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்தபோது, "ஏம்மா, இந்தப் பெட்டியையும் கொஞ்சம் தொடச்சிடேன்" என்று ஆபீசர் சொன்னார். ஸ்டோரில் ப்ளோயர் இருந்தது. பெட்டியைக் கழற்றி ஊதினேன். மெமரி கார்டை எடுத்து, பென்சில் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பல்லைத் தேய்த்துத் திருப்பி மாட்டினேன். மெஷின் ஓடியது. அன்றிலிருந்து எந்த மேஜையில் எது நின்றாலும், "அந்தக் கூட்டற அம்மாவக் கூப்பிடு" என்பார்கள்.

எட்டு வருடத்தில் அந்த முப்பது மெஷினில் நான் கழற்றாதது ஒன்றுகூடக் கிடையாது. விண்டோஸ் போட்டேன், பிரிண்டரில் சிக்கிய தாளை எடுத்தேன், வயர் இழுத்தேன். எல்லாம் கூட்டித் துடைத்த பிறகு, சும்மா. அட்டையில் அதே வார்த்தைதான்.

போன வருடம் ஒப்பந்தம் மாறப்போகிறது என்று பேச்சு வந்தது. ஹவுஸ்கீப்பிங்கில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்றார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு கம்பெனி வருகிறது, அதற்கு உள்ளூரில் இரண்டு பேர் எடுப்பார்கள் என்றும் சொன்னார்கள். நான் நேராக ஆபீசரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் சங்கடப்பட்டு, "நீ பண்றது எனக்குத் தெரியும்மா. ஆனா அவங்க செர்டிபிகேட் கேப்பாங்க. மூணு மாசம் இருக்கு, ஏதாவது எழுதிப் பாரேன்" என்றார். ஆக, மூன்று மாதத்துக்குள் தேறினால் கம்ப்யூட்டர் வேலை. தேறாவிட்டால் துடைப்பமும் கையில் இருக்குமோ இருக்காதோ.

அப்படித்தான் முப்பத்தாறு வயதில் ஐ.டி. பரீட்சைக்கு உட்கார்ந்தேன். ஆரம்பநிலைச் சான்றிதழ்தான். கம்ப்யூட்டரின் உள்பாகம், விண்டோஸ், நெட்வொர்க், பாதுகாப்பு, பழுது பார்த்தல் என்று ஐந்தாறு பகுதி. எல்லாம் ஆங்கிலத்தில், நான்கு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யவேண்டும். வகுப்புக்குப் போக வசதி இல்லை. பஸ்ஸில் போனில் வீடியோ பார்த்தேன். மதியம் ரெக்கார்டு ரூமில் பழைய ஃபைல் கட்டின்மேல் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் நோட்டுமாகப் படித்தேன். ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

மனப்பாடத்துக்கு மட்டும் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு வாசல்கள் உண்டு, ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண். போர்ட் என்பார்கள். அந்த எண்களை நான் மேஜைகளுக்கு வைத்துவிட்டேன். தபால் பார்க்கும் குமாஸ்தா இருபத்தைந்து, ஏனென்றால் அது மெயில் போகிற வாசல். சீனியர் கிளார்க் மேடம் ஐம்பத்து மூன்று. அது யார் பெயரைச் சொன்னாலும் விலாசம் சொல்லும் வாசல், மேடமும் அப்படித்தான். டவுன்ஷிப்பில் யார் எந்தப் பிளாக்கில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரும் ஆபீசர் நானூற்று நாற்பத்து மூன்று, பாதுகாப்பான வாசல். மாப் போட்டுக்கொண்டே மேஜை மேஜையாக எண்ணைச் சொல்லிக்கொண்டு போவேன். உதடு அசைவதைப் பார்த்த மேடம், "என்னம்மா, ஸ்லோகமா?" என்று கேட்டார். ஆமாம் மேடம் என்றேன்.

பழுது பார்த்தல் என்ற பகுதியை மட்டும் நான் படிக்கவே இல்லை. அதை யார் எனக்குச் சொல்லித் தருவது? நான் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவேன். அந்தத் திமிர் இருந்தது, மறைப்பானேன்.

பரீட்சை புதுச்சேரியில். அங்கே இரண்டு அடையாள அட்டை கேட்டார்கள். ஆதாரைக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கேட் பாஸையும் நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது செல்லாதுங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நல்ல வேளை, பான் கார்டு பையில் இருந்தது.

ஒன்றரை மணி நேரம். முடித்து பட்டனை அழுத்தினதும் திரையிலேயே முடிவு வந்துவிடுகிறது, மூச்சு விடக்கூட நேரம் தருவதில்லை. தேறவில்லை. மிகக் கொஞ்சத்தில் போய்விட்டது. வெளியே ஒரு தாள் கொடுத்தார்கள், எந்தப் பகுதியில் பலவீனம் என்று அதில் இருக்கும். நெட்வொர்க் பரவாயில்லை. பாதுகாப்பு நன்றாகவே இருந்தது. பழுது பார்த்தல்தான் மோசம்.

பண்ருட்டி பஸ்ஸில் அந்தத் தாளை நான் எத்தனை தடவை மடித்துப் பிரித்தேன் என்று தெரியாது. எட்டு வருடமாக முப்பது மெஷினைக் கட்டி மேய்க்கிறவளுக்குப் பழுது பார்க்கத் தெரியாதாம். பரீட்சை வைத்தவன் நெய்வேலிக்கு வந்து ஒரு பெட்டியைக் கழற்றிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததால் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் அந்தக் கோபம் இருந்தது. மூன்றாம் நாள் லீவு போட்டு, நோட்டை எடுத்து, போனில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுகளில் நான் தப்பாகப் போட்ட கேள்விகளையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினேன். எழுத எழுத எனக்கே முகம் சிவந்தது. கேள்விகள் வேறு வேறு, கடைசி வரி மட்டும் ஒன்றே: டெக்னீஷியன் முதலில் என்ன செய்யவேண்டும்? நான் எல்லாவற்றுக்கும் பெட்டியைக் கழற்றியிருக்கிறேன். நேற்று வரை வந்த நெட்வொர்க் இன்று வரவில்லை என்றால் பெட்டியைக் கழற்று. பிரிண்ட் கோணலாக வருகிறது என்றால் பெட்டியைக் கழற்று. பாஸ்வேர்டு மறந்துபோனவருக்கு மட்டும்தான் கழற்றாமல் விட்டிருந்தேன். சரியான விடை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பயன்படுத்துகிறவரிடம் கேட்கவேண்டும். என்ன ஆயிற்று, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

எங்கள் ஊரில் பாதிப் பழுது தூசிதான், அதனால் பெட்டியில் கை வைத்துப் பழகிவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்காரரிடம் சொல்லும்போதுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை, அவரும் கான்ட்ராக்ட்தான். முதல் ஷிஃப்ட் முடித்துவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து புலம்பினேன்.

"கேக்கணும்னா கேட்டுட்டுப் போயேன். வாயா இல்ல உனக்கு?" என்றார்.

"அவுங்ககிட்ட நான் எப்படி கேக்கறது? அவுங்க நாற்காலில உக்காந்துகினு இருப்பாங்க, நான் தொடப்பத்தப் புடிச்சிகினு நிப்பேன். 'பாரும்மா'ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நீங்க என்னா பண்ணீங்கன்னு ஆபீசரப் பாத்துக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. எட்டு வருடத்தில் அந்த அலுவலகத்தில் நான் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவர்கள் எழுந்து போன பிறகு, ஆளில்லாத மேஜையில், மெஷினோடு மட்டும் பேசிப் பழகியிருக்கிறேன். அட்டையில் இருந்த வார்த்தையை நான் வாயிலும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பெல்ட்டாண்ட எனக்கு முந்தின ஷிஃப்ட்டுல நிக்கறவரு பர்மனெண்ட்டு. வயசுலயும் பெரியவரு. நான் ஷிஃப்ட் எடுக்கும்போது 'என்னா மாறிச்சி'ன்னு கேக்காம கைய வெக்க மாட்டேன். அவரும் சொல்லாம எறங்க மாட்டாரு. கேக்காம வச்சா என் கையிதானே போவும்?" என்றார்.

பிறகு மோர் இருக்கா என்று கேட்டார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். கேட்பதற்கும் ஒத்திகை வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது. முதலில் மாட்டியவர் சீனியர் கிளார்க் மேடம். அவருடைய மெஷினில் நெட் விட்டு விட்டு வருகிறது என்று கூப்பிட்டு அனுப்பினார். வழக்கம்போல எழுந்து நகர்ந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம் உக்காருங்க. எப்பத்துலேர்ந்து இப்படி வருது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கக்கிழமைலருந்து. ஏன்?"

"திங்கக்கிழமைக்கு முன்னாடி இங்க என்ன மாறிச்சி மேடம்?"

"என்னம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேக்கறே? நான் ஒண்ணும் பண்ணல."

என் காது சூடாகிவிட்டது. விட்டுவிட்டுப் பெட்டியைக் கழற்றிவிடலாமா என்றுதான் இருந்தது. "நீங்க பண்ணீங்கன்னு சொல்லல மேடம். சுத்துப்புறத்துல எதுனா மாறிச்சான்னு கேக்கறேன்" என்றேன். அவர் யோசித்தார். ஏசி காற்று முதுகில் அடிக்கிறது என்று சனிக்கிழமை மேஜையையும் பீரோவையும் இடம் மாற்றச் சொன்னதாகச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். நெட்வொர்க் வயரின்மேல் பீரோவின் கால் நின்றுகொண்டிருந்தது. வயர் தட்டையாகிவிட்டது.

வேறு வயர் போட்டேன். பெட்டியைத் தொடவே இல்லை. ஐந்து நிமிடத்தில் நெட் வந்துவிட்டது. பழைய நானாக இருந்திருந்தால் அரை நாள் ஊதி, தேய்த்து, கடைசியில் கடலூருக்குப் போன் போடச் சொல்லியிருப்பேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். ஆனால் அடுத்த வாரம் பிரிண்டருக்காகக் கூப்பிட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "நேத்து வரைக்கும் நல்லா இருந்தது. காலைல புது டோனர் போட்டோம். அப்புறம்தான் இப்படி" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? மாப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்று கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன்.

அதற்கப்புறம் மேஜை மேஜையாகக் கேட்டேன். ஆபீசரிடமும் கேட்டேன். அவர் டீக்குப் போகாமல் உட்கார்ந்து பதில் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள், சுளித்தால் சுளிக்கட்டும். ஒவ்வொன்றையும் வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாறும்போது எழுதிவைக்கும் புத்தகம் மாதிரி நோட்டில் எழுதினேன்: என்ன சொன்னார்கள், என்ன மாறியது, நான் என்ன செய்தேன், சரியாயிற்றா. பரீட்சைப் புத்தகத்தில் கடைசிப் படி எழுதிவைப்பது என்றுதான் இருக்கிறது. சுரங்கத்தில் பல வருடமாகச் செய்துகொண்டிருப்பதை இவர்கள் ஆங்கிலத்தில் போட்டுப் பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை புதுச்சேரிக்குப் போனபோது கேட் பாஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கேள்விகளின் கடைசி வரியை முதலில் படித்தேன். "முதலில்" என்று இருந்த இடத்தில் எல்லாம் மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது. பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தேர்ச்சி. கவுன்டரில் அதே பெண்தான். தாளைக் கொடுத்து, "வாழ்த்துகள் மேடம்" என்றாள். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்.

இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள், இந்த மாதிரிச் சான்றிதழ் வாங்கினால் வேலை நிச்சயமா என்று. நிச்சயம் இல்லை. என்னைவிட நல்ல ஆங்கிலத்தோடு, பெரிய நகரத்தில் வகுப்புக்குப் போய், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுச் சும்மா இருப்பவர்களை எனக்குத் தெரியும். மூன்று வருடத்தில் அது காலாவதியும் ஆகிவிடும், திரும்பப் புதுப்பிக்கவேண்டும். எனக்கு அது செய்தது இரண்டு காரியம். ஒன்று, உள்ளே விட்டது. புதுக் கம்பெனியின் சூப்பர்வைசர் நேர்முகத்தில் பேப்பரைப் பார்த்துவிட்டுத்தான் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மற்றது, வாயைத் திறக்க வைத்தது. அவர் ஒரு மெஷினைக் காட்டி, "இது ஆன் ஆகல, பாருங்க" என்றார். நான் அவரிடம் நாலு கேள்வி கேட்டேன். மூன்றாவது கேள்வியிலேயே அவர் சிரித்துவிட்டு, சுவரில் சுவிட்சைத் தானே போட்டார். அங்கேயே எடுத்துக்கொண்டார்கள்.

புது கேட் பாஸ் வாங்க கவுன்டரில் வரிசையில் நின்றேன். அங்கிருந்தவர் வேகமாக எழுதுகிறவர், தலையைத் தூக்கமாட்டார். பழைய அட்டையை வாங்கி, பக்கத்தில் வைத்து, புது ஃபாரத்தில் பார்த்துப் பார்த்து எழுதினார். பெயர் எழுதினார், ரத்த வகை எழுதினார். பேனா அந்தக் கட்டத்துக்கு வந்தது. "அன்" என்று எழுதிவிட்டார்.

"சார், எழுதறதுக்கு முன்னாடி என்ன மாறிச்சின்னு ஒரு வார்த்த கேளுங்க."

அவர் தலையைத் தூக்கினார். "என்ன மாறிச்சி?" என்றார்.

நான் சான்றிதழையும் புதுக் கம்பெனியின் கடிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். அந்தப் பழைய அட்டையில் ஹவுஸ்கீப்பிங் என்று இருந்ததையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று எடுத்து, மேலிருந்து எழுதினார். அடித்துத் திருத்தியிருக்கலாம். அவர் திருத்தவில்லை, அதற்காக அவருக்கு நன்றி.

வீட்டில் என் வீட்டுக்காரர் தன் அட்டையையும் என் புது அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவருடையதில் செமி ஸ்கில்டு, என்னுடையதில் ஸ்கில்டு. "இனிமே வூட்டுல ஃபேன் ஓடலன்னா நான் கைய வெக்க மாட்டேன்" என்றார். அப்புறம் டீக்கடையில் என் அட்டையின் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கேட்டில் அதே காவலாளி. எப்போதும் போல அட்டையைப் பார்த்தார். எப்போதும் போல முகத்தில் ஒன்றும் இல்லை. கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை.

"என்னம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. இன்னொரு வாட்டி நல்லா படிச்சிட்டு விடுங்க" என்றேன்.